இரண்டு வெடிகளுக்கு நடுவே

முழு வேகத்தில் ஓடும் குதிரை 100 மீட்டரைப் பத்து விநாடியில் கடந்துவிடும். பழைய காலத்துத் துப்பாக்கியை ஒரு முறை வெடித்துவிட்டு, மறுபடி மருந்து கொட்டி, குண்டு போட்டுக் கெட்டித்து, திரியைச் சரிசெய்து, தூக்கிக் குறிபார்க்க நல்ல பழக்கம் உள்ள ஆளுக்கே ஒரு நிமிடம் ஆகும். கை நடுங்குகிறவனுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகும். துப்பாக்கி வந்த பிறகும் 300 வருஷத்துக்கு மேல் வாள் ஏன் இடுப்பை விட்டு இறங்கவில்லை என்று கேட்டால், பாதி விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

நான் சேலத்தில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை நடத்துகிறேன். டை, பஞ்ச், கட்டர், சில நேரம் ஊர்க் கொல்லர்கள் கொண்டுவரும் கொடுவாள் என்று எஃகாக இருக்கிற எதுவும் எங்கள் உலைக்கு வரும். பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் இறக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றி (டெம்பர் செய்து), கடினத்தை அளந்து கொடுப்பது வேலை. பட்டறைக்கு வந்துபோகும் ஒரு பையன் சிலம்பம் கற்றுக்கொள்கிறான். அவன் ஒருநாள் கேட்டான்: “அண்ணா, துப்பாக்கி வந்ததுக்கப்புறம் வாள் எதுக்குண்ணா? சும்மா பந்தாவுக்குத்தானே?” பந்தாவுக்கு இல்லை. ராஜாக்களும் தளபதிகளும் பந்தாவுக்கு வைத்திருந்த வாள் வேறு. சாதாரணச் சிப்பாயும், குதிரைக்காரனும், கப்பலில் போனவனும் தன் கைக்காசைச் செலவழித்து வாள் வாங்கி வைத்திருந்தான் என்றால் அதற்குக் காரணம் உயிர்தான்.

முதலில் அந்தத் துப்பாக்கியைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சினிமாவில் பார்க்கிற துப்பாக்கியை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் எதுவும் விளங்காது. 1526-ல் பானிபட்டில் பாபர் கொண்டுவந்து நிறுத்தியதும், 1543-ல் போர்த்துக்கீசியர் வழியாக ஜப்பானின் தனேகாஷிமா தீவில் இறங்கியதும் திரித் துப்பாக்கிகள். ஒரு நீளமான இரும்புக் குழாய், அதன் அடியில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை, துளைக்கு வெளியே ஒரு சின்னத் தட்டு. குழாய்க்குள் கருமருந்தைக் கொட்டி அதன்மேல் ஈயக் குண்டைப் போட்டு இடிக்க வேண்டும். தட்டில் தனியாகக் கொஞ்சம் பொடிமருந்து. வெடியுப்பில் ஊறவைத்த கயிறு ஒன்று பக்கத்திலேயே கனன்றுகொண்டிருக்கும். விசையை இழுத்தால் அந்தக் கங்கு தட்டில் போய்த் தொடும். தட்டு மருந்து பற்றி, நெருப்பு துளை வழியாக உள்ளே போய், அப்புறம்தான் வெடி.

இதில் எந்த இடத்திலும் காரியம் கெட்டுப்போகலாம். தூறல் விழுந்தால் தட்டு மருந்து நனையும். காற்று அடித்தால் அது பறந்துவிடும். தட்டில் மட்டும் பக்கென்று பற்றி, உள்ளே நெருப்புப் போகாமலே நின்றுவிடும். இருட்டில் ஒளிந்திருந்தாலும் கனலும் கயிறு ஆளைக் காட்டிக்கொடுக்கும். மருந்து மூட்டைக்குப் பக்கத்தில் அந்தக் கங்கோடு நிற்பதே ஆபத்து. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு எடையில் பாதிக்கு மேல் திடமான கசடாகவும் புகையாகவுமே மிஞ்சும். சில வெடி வெடித்ததும் குழாயின் உள்சுவரில் அந்தக் கசடு அப்பிக்கொள்ளும். குண்டு உள்ளே இறங்க மறுக்கும்.

அதனால் குண்டையே சின்னதாக வார்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களும் ஆங்கிலேயச் சிப்பாய்களும் தூக்கிக்கொண்டு நடந்த பிரவுன் பெஸ் துப்பாக்கி திரி வகை இல்லை. அதற்கு அடுத்த தலைமுறை, சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டுவது. அதன் குழாய்த் துவாரம் சுமார் 19 மில்லிமீட்டர். அதில் போட்ட குண்டு சுமார் 17.5 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் கிளியரன்ஸ்! எங்கள் தொழிலில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலே வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் குண்டு குழாய்க்குள் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டே வெளியே வரும். கடைசியாக எந்தச் சுவரில் மோதியதோ அதற்கு ஏற்றபடி திசை மாறும். 100 மீட்டருக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிபார்ப்பதில் பெரிய பொருள் இல்லை. அதனால்தான் வரிசையாக நிறுத்தி, 50 மீட்டர் வரை எதிரியை வரவிட்டு, எல்லோரையும் ஒன்றாகச் சுடச் சொன்னார்கள்.

சரி, எதிரி 50 மீட்டரில் இருக்கிறான். சுட்டாகிவிட்டது. சிலர் விழுந்தார்கள். விழாதவன் குதிரையில் இருந்தால் ஐந்து விநாடியில் மேலே வந்துவிடுவான். காலால் ஓடி வருகிறவனுக்கும் பத்துப் பதினைந்து விநாடி போதும். அந்த நேரத்தில் துப்பாக்கிக்காரனின் கையில் இருப்பது ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த இரும்பும் மரமும். அது சுடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதற்கு முன்னாலேயே கண்ணால் பார்த்திருக்கிறேன். என் மாமா ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், ஒரு காப்பித் தோட்டத்தில் காவலுக்கு இருந்தார். பலாப்பழம் பழுத்து விழுகிற பருவத்தில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். தோட்டத்துக்கு லைசென்ஸ் வாங்கிய ஒரு நாட்டுத் துப்பாக்கி உண்டு, முன்பக்கம் மருந்து கெட்டிக்கிற வகை. குண்டெல்லாம் போடமாட்டார், சத்தத்துக்கு மட்டும்தான், பன்றியை விரட்ட. சின்ன வயதில் லீவுக்குப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

அவர் மருந்து கெட்டிப்பதை நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். கட்டையைத் தரையில் ஊன்றி, குழாயை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வார். ஒரு சின்ன டப்பாவிலிருந்து மருந்தை உள்ளங்கையில் கொட்டி, அளவு பார்த்து, காகிதத்தை மடக்கிப் புனல் மாதிரி செய்து உள்ளே விடுவார். குழாயை இரண்டு தட்டுத் தட்டுவார், மருந்து அடிக்கு இறங்க. அப்புறம் தேங்காய் நாரைச் சுருட்டி வாயில் திணித்து, நீளக் கம்பியால் இடிப்பார். முதலில் தொப்தொப் என்று மந்தமாகக் கேட்கும். நார் இறுக இறுகச் சத்தம் மாறும். கம்பி தானாகவே எகிறும். கம்பி எகிறினால்தான் கெட்டித்தது சரி என்று அர்த்தம். கடைசியில் பின்பக்கம் ஒரு கேப்பு வைப்பார், சுத்தி அடித்தால் பொறி விடுகிற சின்ன உலோகத் தொப்பி. இதெல்லாம் நிதானமாக, யாரும் துரத்தாத நேரத்தில், லாந்தர் வெளிச்சத்தில்.

ஒரு ராத்திரி பனிமூட்டம் தோட்டத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. ஏற்காட்டுப் பனி தெரிந்தவர்களுக்குத் தெரியும், சட்டையே நனைந்துவிடும். சரிவில் பலா மரத்தடியில் பன்றிகள் உறுமுகிற சத்தம் கேட்டது. மாமா தூக்கிப் பிடித்து விசையை இழுத்தார். கேப்பு மட்டும் டப் என்றது. உள்ளே மருந்து பற்றவில்லை. கூட்டத்தில் பெரிய பன்றி ஒன்று ஓடாமல் நின்று எங்கள் பக்கம் திரும்பியது. மாமா துப்பாக்கியை இன்னொரு தடவை தொடவே இல்லை. அதை இடது கைக்கு மாற்றிய அதே நொடியில் வலது கை இடுப்புக்குப் பின்னால் போய், கொடுவாளை உருவியிருந்தது. “மாப்ளே, என் முதுகுக்குப் பின்னாடி வா” என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பன்றி சரிவில் இறங்கிப் போய்விட்டது. அவர் ஒருநாளும் கொடுவாள் இல்லாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனதில்லை. கொடுவாளை மட்டும் எடுத்துக்கொண்டு போன ராத்திரிகள் நிறைய.

அந்தக் கை போன வேகத்தை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், 16, 17-ஆம் நூற்றாண்டுச் சிப்பாய் ஏன் தோளில் துப்பாக்கியையும் இடுப்பில் வாளையும் சேர்த்தே சுமந்தான் என்பது எனக்குத் தனியாக யாரும் விளக்க வேண்டாத விஷயமாக இருக்கிறது. வாளுக்கு மருந்து கெட்டிக்க வேண்டாம். ஈரம் பார்க்காது. ஒரு வீச்சு தவறினால் அடுத்த வீச்சு உடனே இருக்கிறது.

இன்னொன்றையும் பலரும் கவனிப்பதில்லை. துப்பாக்கி வருவதற்கு முன்னாலும் போர்க்களத்தில் வாள் முதல் ஆயுதமாக இருந்ததில்லை. முதலில் வில், அப்புறம் ஈட்டி, வேல். அவை போன பிறகுதான், உடைந்த பிறகுதான், நெருங்கிய பிறகுதான் வாள். அது எப்போதும் இரண்டாவது ஆயுதம். துப்பாக்கி வந்து பறித்தது முதல் ஆயுதத்தின் வேலையை. ஐரோப்பாவில் வில் போயிற்று. துப்பாக்கிக்காரர்களுக்குக் காவலாக நின்ற நீண்ட ஈட்டிக்காரர்களும் 17-ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் போனார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த வாளைத் துப்பாக்கி தொடவே இல்லை. தொடவும் முடியாது, ஏனென்றால் அது முதல் ஆயுதம் கைவிடுகிற நேரத்துக்கான பொருள். துப்பாக்கியோ வில்லைவிட அடிக்கடி கைவிட்டது.

கவசத்தின் கதை இன்னும் சுவாரசியம். உடம்பு முழுக்க எஃகுத் தகடு போர்த்திய வீரனை வாளால் வெட்டுவது வீண் வேலை. ஆனால் துப்பாக்கிக் குண்டைத் தாங்குகிற அளவுக்குத் தகட்டைத் தடிமனாக்கினால் ஆள் நடக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை, கால் தகடுகளைக் கழற்றினார்கள். கடைசியில் மார்புத் தகடு மட்டும் மிஞ்சியது, பிறகு பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை, துணிச் சட்டைதான். துணிச் சட்டை போட்டவனை வாள் நன்றாக வெட்டும்! குண்டுக்குப் பயந்து கழற்றிய கவசத்தால் லாபம் அடைந்தது வாள். துப்பாக்கியே வாளுக்கு வழி திறந்துவிட்டது என்று நான் சொன்னால் சிலர் நம்புவதில்லை, ஆனால் தகட்டின் தடிமனும் எடையும் தெரிந்தவர்களுக்கு இது நேர்க்கணக்கு.

குதிரைக்காரனுக்கு வாள் இன்னும் முக்கியம். ஓடுகிற குதிரையின் மேல் உட்கார்ந்து மருந்து கெட்டிக்க முடியாது. சேணத்தில் இரண்டு கைத்துப்பாக்கி தொங்கும், இரண்டு வெடி, அவ்வளவுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் குதிரைப்படை வரிசையாகக் கிட்டப் போய், கைத்துப்பாக்கியைச் சுட்டுவிட்டு, திரும்பி வந்து மருந்து போட்டுக்கொண்டு மறுபடி போகும் ஒரு முறையை வைத்திருந்தார்கள். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் 1630-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் போரிட்டபோது தன் ஆட்களை அந்த விளையாட்டில் விடவில்லை. ஒரு வெடி வெடித்துவிட்டு வாளை உருவி நேராக மோது என்றார். மற்றவர்களும் பின்னால் அதற்கே வந்தார்கள்.

ஸ்காட்லாந்தில் கில்லிக்ராங்கி என்ற இடத்தில் 1689 ஜூலை 27-ல் நடந்தது இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம். அரசுப் படையிடம் துப்பாக்கியும் இருந்தது, துப்பாக்கி முனையில் மாட்டுகிற குத்துக்கத்தியான பயனெட்டும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பயனெட் துப்பாக்கியின் வாயிலேயே செருகுகிற வகை. செருகிவிட்டால் சுட முடியாது. சுட வேண்டுமானால் பிடுங்க வேண்டும். மலைச்சரிவிலிருந்து இறங்கிய ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் கிட்டத்தில் வந்து ஒரே ஒரு வெடி வெடித்தார்கள், துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார்கள். எதிரே நின்றவர்கள் பயனெட்டைச் செருக நேரமில்லாமலே மடிந்தார்கள். வாள்காரர்களின் தலைவரான டண்டி பிரபு அதே சண்டையில் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆயுதமும் ஒரே மாலையில் தன் வேலையைச் செய்தது.

தோற்ற தளபதி மெக்கே சும்மா இருக்கவில்லை. பயனெட்டைக் குழாய்க்கு வெளியே வளையம் போட்டு மாட்டுகிற வழி தேடினார். அந்த வகையில் வந்த, குழாயைச் சுற்றி மாட்டுகிற பயனெட்தான் அடுத்த 150 வருஷத்துக்குக் காலாட்படையின் ஆயுதம். சுடவும் முடியும், குத்தவும் முடியும். 1746-ல் கல்லோடனில் அதே மலைக்காரர்கள் அதே மாதிரி வாளோடு ஓடிவந்தபோது பீரங்கியும் வரிசைத் துப்பாக்கியும் பயனெட்டும் அவர்களைச் சாய்த்துவிட்டன. நடந்து போகிற சிப்பாயைப் பொறுத்தவரை வாளின் இடத்தைப் பிடித்தது இந்த ஒன்றரை அடி முள். துப்பாக்கியின் மருந்து இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர். கர்னல் பெய்லி கூட்டி வந்த கம்பெனிப் படை 3,000 பேருக்கு மேல். ஹைதரும் திப்புவும் அவர்களை வளைத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற அந்தச் சிப்பாய்கள் மருந்து இருந்தவரை நன்றாகவே தாக்குப்பிடித்தார்கள். பிறகு மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சுட ஒன்றும் இல்லாமல் போனதும் மிஞ்சியவர்கள் சதுரமாக நின்று பயனெட்டால் தடுத்தார்கள். மைசூர்க் குதிரைப்படை வாளோடு மறுபடி மறுபடி மோதி அந்தச் சதுரத்தை உடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரை வரைந்து வைத்திருக்கிறார்கள். வெடிக்கிற மருந்து வண்டியும் இருக்கிறது, சதுரத்துக்கு நடுவே பல்லக்கில் பெய்லியும் இருக்கிறார், சுற்றிலும் வாள் தூக்கிய குதிரைக்காரர்கள். மைசூர் போனால் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்காமல் நான் திரும்புவதில்லை. வண்டி வெடிக்கிற இடத்தை மட்டும் பார்த்தாலே போதும். அதற்கு முன்னால் அது துப்பாக்கிச் சண்டை, அதற்குப் பின்னால் வாள் சண்டை.

அன்று பிடிபட்டவர்களில் டேவிட் பெய்ர்ட் என்ற இளம் அதிகாரி ஒருவர். அவர் உடம்பில் இருந்த காயங்கள்: தலையில் இரண்டு வாள்வெட்டு, தொடையில் ஒரு குண்டு, கையில் ஒரு ஈட்டிக் குத்து. ஒரே ஆள், ஒரே நாள். எந்த ஆயுதம் எந்தக் காலத்தது என்று நாம் போடுகிற கோடெல்லாம் அந்த உடம்பில் அழிந்துபோகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையிலிருந்து 1784-ல் வெளியே வந்த அவர்தான் 1799 மே 4-ல் அதே ஊர்க் கோட்டைமேல் ஏறிய படைக்குத் தலைமை தாங்கினார்.

அந்த நாளில் திப்பு இறந்த விதத்தை வாள் பிரியர்கள் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். முழுதாகச் சொல்ல வேண்டும். மதில்மேல் நின்று திப்பு சுட்டது துப்பாக்கியால். பக்கத்தில் ஆட்கள் மருந்து கெட்டித்துக் கெட்டித்துக் கொடுக்க, வாங்கி வாங்கிச் சுட்டார். இரண்டு வெடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மூடுவதற்கு ஒரு மன்னனுக்கு இருந்த வழி அது. காயம்பட்டு வாசலில் விழுந்து கிடந்தபோது ஆட்கள் இல்லை, துப்பாக்கி இல்லை. இடுப்பில் இருந்த வாளின் பொன் வாரை ஒரு சிப்பாய் பறிக்க வந்தான். கிடந்த இடத்திலிருந்தே திப்பு வாளை வீசி அவன் முழங்காலில் வெட்டினார். அவன் துப்பாக்கியை நெற்றிப்பொட்டுக்கு நேரே பிடித்துச் சுட்டான். அவன் துப்பாக்கியில் மருந்து இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சேலத்துக்காரர்கள் சங்ககிரி கோட்டை ஏறிப் பாருங்கள். 1792 உடன்படிக்கையில் நம் வட்டாரத்தோடு சேர்த்துக் கம்பெனி கைக்குப் போன கோட்டை அது. 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம். வாசலுக்கு மேல் வாசலாக, திரும்பித் திரும்பிப் போகிற வழி. ஒரு திருப்பத்தில் நின்றால் அடுத்த திருப்பம் வரை சில அடிதான் கண்ணுக்குத் தெரியும். அங்கே நின்று, ஆள் உயரத்துக்கு நீண்ட துப்பாக்கி ஒன்று உங்கள் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூலையைத் தாண்டி ஒருவன் வந்தால் குழாயை அவன் பக்கம் திருப்பவே இடம் போதாது. கோட்டை வாசல், படிக்கட்டு, சந்து, கப்பல் தளம் எல்லாம் இந்த ரகம்தான். கப்பலில் ஏறிச் சண்டை போடுகிறவனுக்குக் குட்டையான கட்லாஸ் வாள் கொடுத்ததும் இதனால்தான்.

இப்போது என் தொழிலுக்குப் பக்கமான விஷயம். வாளுக்கும் துப்பாக்கிக் குழாய்க்கும் வேண்டிய இரும்பு நேர் எதிர். குழாய்க்கு மென்மையான, இழுபடுகிற இரும்பு வேண்டும். உள்ளே வெடிக்கும்போது கொஞ்சம் கொடுக்க வேண்டும். கடினமான உருக்கில் குழாய் செய்தால் அது கண்ணாடி மாதிரி வெடித்துச் சுடுகிறவனின் கையைக் கொண்டுபோய்விடும். அதனால் தேனிரும்புப் பட்டையைக் கம்பியைச் சுற்றி வளைத்து, பற்றவைத்து அடித்துத்தான் குழாய் செய்தார்கள். வாளின் வாய்க்கு எதிர்க்குணம்: கார்பன் வேண்டும், கடினம் வேண்டும், தீட்டினால் நிற்க வேண்டும். ஆகையால் துப்பாக்கி பெருகியதால் நல்ல உருக்குக்குக் கிராக்கி குறையவில்லை. ஒன்று இன்னொன்றின் இரும்பில் கை வைக்கவே இல்லை.

அந்த நல்ல உருக்கு நம் ஊர்ப் பொருள். சேலத்துக்கு அருகே கஞ்சமலையில் காந்தக்கல் இரும்பு கிடக்கிறது. 1820-களில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். இந்தக் கல்லை நம்பித்தான் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அவர் இங்குள்ள கொல்லர்கள் உருக்கு செய்வதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். உமிக்கரி கலந்த களிமண்ணில் சின்ன மூசை, அதாவது உலோகம் உருக்குகிற மண் குப்பி. அதற்குள் அரை கிலோவுக்கு முன்பின்னாக இரும்புத் துண்டுகள், அவற்றோடு காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே மூட இரண்டொரு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் பூசி, 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கி, துருத்தி வைத்து இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆவாரமும் எருக்கும் கார்பனைக் கொடுக்கும். இன்றைக்கு எங்கள் பட்டறைக்கு வருகிற டி2 டை ஸ்டீலில் கார்பன் 1.5 சதவீதம். அந்த மூசையில் உறைந்த கட்டியிலும் ஒன்று முதல் இரண்டு சதவீதம். டி2-வில் 12 சதவீதம் குரோமியம் சேர்க்கிறோம், வெப்பமானி இருக்கிறது, கன்ட்ரோலர் இருக்கிறது. அவர்களுக்குக் கண்ணும் காதும்தான். மூசையை எடுத்து ஆட்டி, உள்ளே தளும்புவதைக் கையால் உணர்ந்து, உருகிவிட்டது என்று சொல்ல ஒருவனுக்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று யோசித்தால் எனக்கு மயிர் கூச்செறிகிறது. லண்டனில் ஃபாரடே 1819-ல் இந்த உருக்கைச் சோதித்துப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்.

உருக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, வைத்திருக்கிற விதமும் முக்கியம். லூயிஸ் நோலன் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி 1853-ல் எழுதியது இது. ஹைதராபாத் நிஜாமின் குதிரைக்காரர்கள் ஒரு சண்டையில் கையையும் தலையையும் ஒரே வெட்டில் துண்டாக்கியதைக் கேள்விப்பட்டு, அப்படி என்ன வாள் என்று தேடிப் போனார். பார்த்தால், ஆங்கிலப் படை கழித்துப் போட்ட பழைய வாள்களின் அலகுகள்! பிடியை மட்டும் தங்கள் வழக்கப்படி மாற்றியிருந்தார்கள். மற்றபடி வித்தியாசம் உறையில் இருந்தது. ஆங்கிலேயர் இரும்பு உறையில் வைத்தார்கள். குதிரை ஓடும்போதெல்லாம் வாய் இரும்பில் உரசி மழுங்கியது. அணிவகுப்புக்கும் சலாமுக்கும் அதைப் பத்துத் தடவை உருவிச் செருகினார்கள். நிஜாமின் ஆட்கள் தீட்டி மர உறையில் வைத்தார்கள், சண்டைக்குத் தவிர வெளியே எடுக்கவில்லை. இதைப் படித்த அன்று நான் பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தீட்டிய வாயை இரும்புத் தட்டில் போடாதே, மரப் பலகையில் வை என்று நாங்கள் தினமும் கத்துகிறோமே, அதே சமாச்சாரம். 1849-ல் பஞ்சாபின் சில்லியன்வாலா போரிலும் சீக்கியர்களின் வளைந்த வாளான தல்வாரின் வெட்டுகளைக் கண்டு ஆங்கிலேயர் மிரண்டார்கள். எதிர்த்தரப்பில் பீரங்கியும் துப்பாக்கியும் தாராளமாக இருந்த போர்தான் அதுவும்.

வாளைக் கடைசியில் விரட்டியது எது என்றால், அந்த ஒரு நிமிடத்தை மூடியது எதுவோ அது. 1836-ல் கோல்ட் காப்புரிமை வாங்கிய ரிவால்வர் ஒரு கைக்குள் ஐந்தாறு வெடியைக் கொண்டுவந்தது. கேப்பு வந்து மழையைத் தாங்கியது. பின்பக்கமாகத் தோட்டா போடுகிற ரைஃபிளும் உலோகத் தோட்டாவும் வந்ததும், படுத்துக்கொண்டே நிமிடத்துக்குப் பத்து முறை சுடலாம் என்று ஆயிற்று. ஓடிவருகிறவன் இனி பத்து விநாடியில் வந்து சேரமாட்டான்.

ஆனால் நம் நாட்டில் கதை அப்படி முடியவில்லை. இங்கே சாதாரண மக்களிடமிருந்து வாளை உத்தரவு போட்டுப் பறித்தார்கள். அது புதிதும் இல்லை. ஜப்பானில் 1588-லேயே, அந்நாட்டை ஆண்ட ஹிதேயோஷி ஓர் உத்தரவு போட்டார்: குடியானவர்கள் வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் துப்பாக்கி வைத்திருந்த படைக்குச் சொந்தக்காரர் அவர். 1801-ல் தெற்கே பாளையக்காரர்களை அடக்கியதும் மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ், மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிக்கை விட்டார், கோட்டைகளை இடித்தார்கள். வாள் வாங்க ஆள் இல்லாமல், கூடவே இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு கப்பல் கப்பலாக இறங்க, மூசை வைத்து ஊதியவர்களின் உலை அடுத்த தலைமுறைகளில் ஒவ்வொன்றாக அணைந்தது. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் மார்ட்டினி ஹென்றி ரைஃபிள் இருந்தது, பின்பக்கம் தோட்டா போடுவது. அப்போதும் அந்தச் சட்டம் ஆயுதம் எவை எவை என்று சொன்ன இடத்தில் துப்பாக்கியோடு வாளும் இருந்தது.